கழிவுக் குட்டை ஓரத்துக் காட்டு மரவள்ளி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஓர் அலுவல் காரியம். மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஸ்டார்ச் ஆலைக்கு வந்தபோது, எங்கள் ஆய்வுத் தோட்டத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கட்டுக் குச்சி கொண்டு வந்திருந்தேன். முப்பது குச்சிகள். எல்லாம் காட்டு மரவள்ளி. இங்கே ஏதாவது ஆனால் அங்கே ஒரு செட் இருக்கட்டும் என்று, காம்பவுண்டில் ஓர் ஓரமாக நடச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு நீங்கள் எழுதிய கார்டில் ஒரே ஒரு வரி இருந்தது: 'உன் குச்சியும் பாய்லருக்குள் போய்விட்டது.'

நான் கேட்க வேண்டியது இவ்வளவுதான். முப்பதுமே போய்விட்டனவா?

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கண்ணில் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காகப் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். அந்த நேரத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். காட்டு வகைகள் வறட்சி மாதங்களில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். பார்த்தால் செத்த செடி என்றுதான் தோன்றும். அவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. நாற்பத்திரண்டு செடியையும் பிடுங்கி, ஒழுங்காகக் குவித்து, கொளுத்தியிருக்கிறார்கள். வேலை மிகச் சுத்தம்.

மற்ற வகைகளுக்குக் குளிரறையில் விதை இருக்கிறது. ஒரே ஒரு வகைக்கு மட்டும் இல்லை. அது இங்கே பூக்கும், மகரந்தம் கொடுக்கும், காய்க்க மட்டும் காய்க்காது. அதை எடுத்து வந்த மலைச்சரிவு இப்போது ஒரு நீர்த்தேக்கத்தின் அடியில் இருக்கிறது. எனக்குத் தெரிந்து வேறு எங்கும் இல்லை.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

தங்கள்,
தம்பி


பிப்ரவரி 12

தம்பிக்கு,

மூன்று வருஷம் கழித்து ஒரு கடிதம். அதிலும் நான் 'நீங்கள்' ஆகிவிட்டேன். உனக்குப் பல் துலக்கிவிட்டவள் நான். என் விரலைக் கடித்துவிட்டு ஓடுவாய். அப்போதெல்லாம் 'தாங்கள் விரலை எடுங்கள்' என்றா சொன்னாய்?

நான் நலமாக இருப்பேன் என்று நம்பியதற்கு நன்றி. நலமாக இல்லை. நீ வந்தாய். இரண்டு நாள் தங்கினாய். விவசாயிகளோடு வயல் வயலாக நடந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். போகும்போது சிரித்துக்கொண்டே கை காட்டிவிட்டுப் போனாய். நாலாம் நாள் ஜீப் வந்தது. தேமல் நோயாம், உன் கையெழுத்தாம், நூற்றிருபது ஏக்கர் மரவள்ளியையும் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டுமாம். அறுவடைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஏழு மாதம் ஆலை ஓடவில்லை. கிழங்கு சீவுகிற பெண்கள் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பசைக்கு மாவு வாங்குகிற அட்டைப்பெட்டிக் கம்பெனி வேறு ஆலையைப் பார்த்துக்கொண்டது. இன்றும் பாதி நாள்தான் அரவை.

ஒரு வார்த்தை. கிளம்பும்போது ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்தவள் என்று வேண்டாம், ஆலைக்காரி என்றாவது நினைத்திருக்கலாம்.

முப்பது குச்சியும் போய்விட்டது. நானே கட்டோடு தூக்கிப் பாய்லர்காரர் கையில் கொடுத்தேன். அவ்வளவுதான். இனிமேல் குச்சியைப் பற்றி எழுதாதே.

அக்கா

உன் கண் எப்படி இருக்கிறது என்று அத்தான் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.


பிப்ரவரி 20

அக்கா,

'நீங்கள்' என்று எழுதியது மரியாதையால் அல்ல, பயத்தால். 'நீ' என்று தொடங்கினால் நீ கடிதத்தைக் கிழித்துவிடுவாய் என்று நினைத்தேன். கண் நன்றாக இருக்கிறது என்று அத்தானிடம் சொல். அவரிடம் மட்டும்.

பதில் போட்டதற்கு நன்றி. எரிந்தது எரிந்துவிட்டது. உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே எரித்தவர்கள் என் தோட்டத்து ஆட்கள்தானே. 'இவை உயிருள்ள செடிகள்' என்று ஒரு பலகை எழுதி வைத்துவிட்டு விடுப்பில் போகத் தெரியாதவன் நான். பொறுப்பு என் பேரில்தான் இருந்தது.

ஆனால் அது என்ன செடி என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. அன்றைக்குக் கட்டைக் கொடுத்தபோது நீ போனில் யாரிடமோ லாரி கேட்டுக்கொண்டிருந்தாய். 'சரி சரி, அங்க வைடா' என்று சொன்னாய். நானும் வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கேள்.

தேமலைச் சுமந்து வருவது வெள்ளை ஈ. நாம் பயிரிடும் மரவள்ளியில் அந்த ஈ உட்கார்ந்தால் கதை முடிந்தது. இந்தக் காட்டுச் செடியிலும் உட்காரும், உறிஞ்சும், முட்டையிடும். செடி கண்டுகொள்வதே இல்லை. ஒன்பது வருஷம் பார்த்தேன், ஓர் இலை சுருங்கவில்லை. அதன் மகரந்தத்தை நம் மரவள்ளிப் பூவில் தடவி விதை எடுத்தேன். முதலில் பிறந்த பிள்ளைகளுக்குக் கிழங்கே இல்லை, கயிறு மாதிரி வேர்தான். அரவையில் போட்டால் உன் இயந்திரத்தின் பல் போயிருக்கும். மறுபடி மறுபடி நம் வகையோடு சேர்த்ததில் கிழங்கு பருத்தது. மாவும் ஏறியது. ஆனால் ஐந்தாவது தலைமுறையில் நோய் எதிர்ப்பு நழுவிவிட்டது. இன்னொரு முறை அந்தக் காட்டுச் செடியிடம் போனால் சரியாகிவிடும் என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் விடுப்பு எடுத்தேன்.

நோய் தாங்குகிற வகை ஒன்றை உன் விவசாயிகளுக்குக் கொடுப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னதில்லை. இனி சொல்லவும் எதுவும் இல்லை.

அந்த அறிக்கையைப் பற்றி ஒன்று. இன்றைக்குக் கேட்டாலும் அதே அறிக்கையைத்தான் எழுதுவேன். ஆனால் உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எழுத வரவில்லை.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

நீ சண்டை போட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். 'உன்மேல் குறை இல்லை' என்று எழுதிவிட்டாய். நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. கடைசியில் பாய்லர்காரரைக் கூப்பிட்டேன். அவர் உனக்குத் தெரிந்தவர்தான், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எல்லோரிடமும் கத்திப் பேசுகிறவர்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கட்டுக் குச்சி குடுத்தேனே, எரிச்சீங்கதானே?" என்றேன்.

"எந்தக் குச்சி? ஈரச் சாக்குல இருந்துச்சே, அதுவா?" என்று கத்தினார். "அதை எரிக்கிறதா? பச்சைக் குச்சிம்மா! அடுப்புல போட்டா பால் வழிஞ்சு புகையா கக்கும், ஸ்டீம் எறங்கிடும். அப்புறம் நீங்கதான் என்னைத் திட்டுவீங்க. யாரு போடுவா?"

"நான்தானே போடச் சொன்னேன்!"

"நீங்க கோவத்துல சொன்னீங்க. கோவத்துல சொல்றதை எல்லாம் நான் செஞ்சிருந்தா இந்த ஆலையில ஒரு கதவு மிஞ்சியிருக்காது."

எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். ஆலைக்குப் பின்னால் கழிவுத் தண்ணீர்க் குட்டை இருக்கிறதே, கிழங்கு கழுவின தண்ணீரும் மாவு வடித்த தண்ணீரும் போய்ச் சேருகிற இடம், அதன் கரையில் யாரும் வழுக்கி விழாமல் இருக்கக் குச்சியை ஊன்றிக் கயிறு கட்டினாராம். 'சிலது துளிர்த்துச்சு, சிலது போச்சு' என்றார். ஜீப்பில் வந்தவர்கள் வயல், வரப்பு, வேலி என்று ஒன்று விடாமல் பிடுங்கினார்களே, இதை மட்டும் எப்படி விட்டார்கள் என்று கேட்டேன். 'அந்த நாத்தத்துக்குப் பக்கத்துல எந்த ஆபீசர் வருவாரு?' என்றார்.

மூக்கைப் பொத்திக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஏழு மரம் நிற்கிறது தம்பி. என்னைவிட உயரம். சீவுகிற பெண்கள் அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். நான் ஆலையின் முன்பக்கமே உட்கார்ந்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

எது உன் செடி என்று எனக்குத் தெரியாது. இலை ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். இதுவா பார்.

அக்கா


மார்ச் 9

அக்கா, அக்கா,

கடிதத்தைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆய்வக உதவியாளர் பதறிப்போய், "சார், வீட்டுல யாருக்காவது ஏதாச்சுமா?" என்று கேட்டார். "குட்டையில ஏழு மரம் நிக்குதாம்மா" என்றேன். அவர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

முதலில் ஒரு திட்டு. இலையை ஏன் வைத்தாய்? உங்கள் பகுதி இன்னும் நோய்ப் பகுதிப் பட்டியலில் இருக்கிறது. மரவள்ளி இனத்தின் இலை, குச்சி, வேர் எதுவும் வெளியே வரக்கூடாது. காய்ந்த இலையில் நோய் தொற்றாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்த பொருளுக்கு விதி விதிதான். இலையையும் உறையையும் எரித்தேன். நீ எழுதிய தாளை மட்டும் எரிக்கவில்லை.

அடுத்தது வருத்தம். அந்த இலை நான் தேடுவது அல்ல. காம்பு இலையின் விளிம்பில் சேராமல், குடைக்கம்பி போல உள்ளே தள்ளிச் சேர்ந்திருந்தது. அது மர மரவள்ளி. ஒரு காலத்தில் ரப்பர் பாலுக்காக வளர்த்தது, இப்போது நிழலுக்கும் வேலிக்கும் வைக்கிறார்கள். என்னிடம் அதன் விதை நிறைய இருக்கிறது.

ஆனால் நான் கொடுத்தது மூன்று வகை. ஏழு மரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொன்றாகப் பார். நான் தேடுவதன் இலை மடல்கள் ஒல்லியாக, நடுவில் இடுப்புச் சிறுத்து இருக்கும். காம்பு விளிம்பில்தான் சேரும். இளந்தண்டில் நீல நிறத்தில் பொடி பூத்திருக்கும். கட்டைவிரலால் தடவினால் பொடி விரலில் ஒட்டி, தண்டு பச்சையாகத் தெரியும். இலையை அனுப்பாதே. காகிதத்தில் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்பு. தடவிவிட்டுக் கையைக் கழுவு. காட்டு வகையில் சயனைடு அதிகம். ஆடு மாடு மேய விடாதே.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

ஒரு நாளைக்கு அறுபது மூட்டைக் கசப்புக் கிழங்கை அரைத்து, நஞ்சு போகக் கழுவி, வடித்து, மாவாக்குகிறவள் நான். தோலையும் மாவு எடுத்த பின் மிஞ்சுகிற திப்பியையும் வெயிலில் காயவைத்த பிறகுதான் மாட்டுத் தீவனத்துக்கு விடுகிறேன். என்னிடம் வந்து 'கையைக் கழுவு' என்கிறாய். கழுவினேன்.

முதல் நாலு மரமும் உன் குடைக்கம்பிதான். ஐந்தாவது பட்டுப்போய்ப் பாதிதான் உயிர், அதுவும் குடைக்கம்பியே. அதற்குள் எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. பாய்லர்காரர்தான், "மிச்சம் ரெண்டையும் பாத்துட்டு அழுங்க" என்று கத்தினார். அவை இரண்டும் குட்டையின் மூலையில், கரை சரிந்த இடத்தில் நிற்கின்றன. அங்கே யாரும் போவதில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொள்ள, நான் எட்டித் தண்டைத் தடவினேன்.

நீலப் பொடி. கட்டைவிரல் முழுக்க. இந்தத் தாளின் ஓரத்தில் ஒரு கறை இருக்கிறதே, அதுதான். கழுவுவதற்கு முன் பேனாவை எடுத்துவிட்டேன். இலை ஓரத்தை இரண்டு தடவை வரைந்திருக்கிறேன்.

இரண்டிலுமே வெள்ளை ஈ மொய்க்கிறது. ஓர் இலைகூட மஞ்சள் இல்லை.

இதுதான் என்றால் ஒரு வார்த்தை எழுது. நாளைக்கே பாதி மரத்தை வெட்டி, நூறு குச்சியாக நறுக்கி, லாரியில் ஏற்றிவிடுகிறேன். ஓட்டுநரிடம் சொல்லியாகிவிட்டது.

அக்கா


மார்ச் 26

அக்கா,

இதுதான். இதேதான். வயிற்றில் பால் வார்த்தாய். நீ வரைந்ததை அந்தச் செடியின் பழைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன், இடுப்பு வளைவு வரை பொருந்துகிறது. இயக்குநரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து கை குலுக்கினார். எட்டு வருஷத்தில் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

லாரியை நிறுத்து. தயவுசெய்து நிறுத்து.

உங்கள் பகுதியிலிருந்து ஒரு குச்சிகூட வெளியே போகக்கூடாது என்ற தடை ஐந்து வருஷத்துக்கு. இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அந்தத் தடையைப் பரிந்துரைத்த அறிக்கையின் கடைசிப் பத்தியை எழுதியவன் நான். 'எந்தச் சூழலிலும் விலக்கு அளிக்கப்படக் கூடாது' என்று நானாகவே சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை.

சிரித்து முடித்துவிட்டாயா?

ஒரு வழி இருக்கிறது. இந்த நோய் குச்சி வழியாகப் போகும், விதை வழியாகப் போகாது என்பதால், பயிர்ப் பாதுகாப்பு அதிகாரியின் சான்றோடு விதை மட்டும் வெளியே வரலாம். இங்கே காய்க்காத செடி அங்கே காய்க்குமா என்று தெரியாது. எங்கள் ஈரக் காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். உன் ஊர் வறண்ட காற்று, வேருக்குக் குட்டைத் தண்ணீர். இரண்டு மரமாக வேறு நிற்கிறது. பூமொட்டு இருந்தால் உடனே எழுது. பெண் பூ முதலில், கொத்தின் அடியில், உச்சி வெயிலில் திறக்கும். ஆண் பூ ஒரு வாரம் கழித்து மேலே வரும். ஒரு மரத்தில் ஆண் பூ திறந்திருக்கும்போது மற்றதில் பெண் பூ இருந்தால், ஆண் பூவைப் பறித்து அதன்மேல் தடவு. அவ்வளவுதான் வேலை.

காய் பிடித்தால் மெல்லிய துணிப்பை கட்டிவிடு. முற்றிய காய் வெயிலில் வெடித்து விதையைத் தூர எறியும். பக்கத்தில் குட்டை. ஒன்றுகூட மிஞ்சாது.

நான் அங்கே வரலாமா என்று கேட்கத் துணிவில்லை.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

சிரித்தேன். இரண்டு நாள் சிரித்தேன். அத்தானிடம் படித்துக் காட்டினேன். 'எந்தச் சூழலிலும்' என்ற இடத்தில் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மூன்று வருஷக் கோபத்தில் பாதி அன்றைக்கே கரைந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

இடையில் மூன்று கார்டு போட்டேன், மொட்டு, பூ, காய் என்று. இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. ஏப்ரல் முழுக்க மதியம் பன்னிரண்டு மணிக்குக் குட்டைக் கரையில் நின்றேன். இடுப்பில் கயிறு, மறுமுனை பாய்லர்காரர் கையில். சீவுகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "முதலாளியம்மா பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறாங்கடி, மொய் வைக்கணுமா?" என்றாள். நான் திட்டவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாற்பத்தொரு பூவில் தடவினேன். ஒன்பதில் காய் நின்றது. பழைய கொசுவலையைக் கிழித்துப் பை தைத்துக் கட்டினேன். போன வாரம் ஒரு பகல் அலுவலறையில் இருந்தபோது 'பட்' என்று ஒரு சத்தம். யாரோ கல் எறிந்தார்கள் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்று. அப்புறம்தான் உறைத்தது. ஓடினேன். ஒரு பையின் முடிச்சு அவிழ்ந்து அதிலிருந்தது போய்விட்டது. மற்ற எட்டும் பைக்குள் வெடித்துக் கிடந்தன. ஒரு காயில் மூன்று அறை, மூன்று விதை இருக்க வேண்டும். சில அறை காலி. மொத்தம் பத்தொன்பது விதை. புள்ளி போட்ட சின்ன விதை, உள்ளங்கையில் வைத்தால் கனமே இல்லை.

பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்துச் சான்று கொடுத்தார். அன்றைக்கு ஜீப்பில் வந்த அதே ஆள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினார். "மேடம், பழசை எல்லாம் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். உள்ளே வரச்சொல்லி டீ கொடுத்தேன். விதை இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது.

இனி எழுதப்போவதை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

நீ வருவதற்கு ஐந்து வாரம் முன்பே எனக்குத் தெரியும். வயலில் இலை மஞ்சள் திட்டாகிச் சுருங்கியதை நான் பார்த்தேன். என்ன நோய் என்று கண்டுபிடிக்க நீ வேண்டியதில்லை, பதினெட்டு வருஷம் மரவள்ளியோடு இருப்பவள். கிழங்கு பெருக்க இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்பதால், சத்துக் குறைவுதான், மருந்து தெளியுங்கள் என்று விவசாயிகளிடம் சொன்னேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வயலிலிருந்தே நடவுக்குக் குச்சி வெட்டி நாலு பேருக்குக் கொடுத்தேன். எழுபது ஏக்கரில் நின்றிருக்க வேண்டியது நூற்றிருபது ஆனது அப்படித்தான். நீ எழுதாமல் இருந்திருந்தால் மறு வருஷம் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

உன்மேல் இருந்த கோபம் உன்னால் வந்தது அல்ல. குச்சியைப் பாய்லரில் போடச் சொன்னதும் அதனால்தான். அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் என் வண்டவாளம் கண்ணில் பட்டது.

அந்த நாலு பேரையும் போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார், வாங்கிக்கொண்டேன். ஒருவர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். மற்ற இரண்டு பேர், 'அப்ப இருந்து எங்களுக்கும் சந்தேகம்தான்' என்றார்கள். தெரிந்துகொண்டேதான் இத்தனை நாள் எனக்குக் கிழங்கு போட்டிருக்கிறார்கள். அது திட்டைவிட வலித்தது. எழுந்து போனவர் மறுநாள் கிழங்கு வண்டியோடு வந்தார். எடை போட்டுவிட்டுப் போனார். வந்தாரே, அது போதும்.

இப்போது நீ என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. விதையை மட்டும் முளைக்க வை.

அக்கா


ஜூலை 1

அக்கா,

பொட்டலம் வந்தது. பத்தொன்பதும் பத்திரம். ஒன்று நசுங்கியிருக்கிறது, பதினெட்டு என்று வைத்துக்கொள்வோம்.

உன் கடிதத்தைப் படித்த பிறகு எனக்கு எழுத வராமல் இருந்தது எழுத வந்துவிட்டது.

அன்றைக்கு உன் ஊர் வயலில் நின்றபோது, உனக்கு முன்பே தெரியும் என்று எனக்கும் தெரிந்தது. நோய் வந்த இலையெல்லாம் வரப்போரத்தில் கிள்ளி எடுக்கப்பட்டிருந்தது. விவசாயி அப்படிக் கிள்ள மாட்டார். நகத்தால் கிள்ளி, காம்பை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுக்கிற ஆள் நம் வீட்டில் நீ ஒருத்திதான். கீரை ஆய்வதும் அப்படித்தான்.

உன்னிடம் முதலில் சொல்லியிருந்தால் நீ 'இரண்டு மாதம் பொறுடா' என்று கேட்டிருப்பாய். நீ கேட்டால் நான் பொறுத்திருப்பேன். என் வாழ்க்கையில் நீ கேட்டு நான் செய்யாதது எதுவும் இல்லை. அதனால்தான் சொல்லாமல் கிளம்பினேன். சிரித்துக்கொண்டே கை காட்டினேன் என்று எழுதினாயே, பேருந்து திரும்பும் வரைதான் சிரித்தேன். கடமை என்றெல்லாம் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடமை பாதிதான், உன்மேல் இருந்த பயம் மீதி.

உன்னைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்கிறாய். நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாய். எனக்கு அது மூன்று வருஷமாக வரவில்லை. அதுவும் ஒரே ஓர் ஆளிடம் சொல்ல வேண்டியது.

விதையை இன்று நட்டேன். இதற்கு நல்ல சூடு வேண்டும். உலர்த்தும் அடுப்பின் மேல் விதைத் தட்டுகளை வைத்திருக்கிறேன். சுத்தம் செய்யும் ஆட்கள் வந்தால் தெரிய ஒரு பலகையும் எழுதி வைத்தேன். 'இது குப்பை அல்ல. தொட்டால் வேலை போகும். தொட்டவருக்கு அல்ல, எனக்கு.'

தம்பி


ஆகஸ்ட் 8

அக்கா,

முதல் மூன்றரை வாரம் ஒன்றும் இல்லை. உனக்கு எழுதாததற்கு அதுதான் காரணம். உன்னிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலை 27 காலையில் உதவியாளர் போனில் கூப்பிட்டு, "சார், ஓடி வாங்க" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. இந்த வயசில் நான் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. மண்ணில் ஒரு வெடிப்பு, அதற்குள் கூன் போட்டபடி ஒரு வெள்ளைத் தண்டு.

இன்று வரை ஏழு. பதினொன்று இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது, வந்தாலும் வரும். மூத்ததற்கு நாலாவது இலை வந்துவிட்டது. தண்டைத் தடவிப் பார்க்கக் கை பரபரக்கிறது, அடக்கிக்கொண்டிருக்கிறேன். நோய்ச் சோதனையில் ஏழும் சுத்தம். இரண்டை வேறு ஒரு நிலையத்துக்கு அனுப்புகிறோம். இனிமேல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்று இயக்குநர் உத்தரவு போட்டிருக்கிறார். அந்த உத்தரவில் நான் ஒரு வரியும் சேர்க்கவில்லை.

நேற்று பதிவேட்டில் ஏற்றினோம். புதிதாக ஒரு செடி சேர்ந்தால், அதை யார் கொடுத்தார்கள் என்று எழுத வேண்டும். பதிவேட்டுக்காரர் கண்டிப்பான ஆள். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "யாரு சார் குடுத்தது? ஆலையா, தனி நபரா?" என்று கேட்டார்.

"எங்க அக்கா" என்றேன்.

"அது சரி சார். பதவி?"

"அதான் பதவி."

அவர் அப்படியே எழுதினார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

தடை செடிக்குத்தான், எனக்கு இல்லை. சனிக்கிழமை இரவு கிளம்பி ஞாயிறு காலை வந்து சேருவேன். அந்த நாலு விவசாயிகளையும் பார்க்க வேண்டும், அவர்களிடம் நான் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. பேருந்து நிலையத்துக்கு ஆள் அனுப்பாதே. நீயே வா.

உன் தம்பி